கார்த்தஹேனாவில் எங்கே தங்குவது? மதிலுக்குள்ளா, ஹெத்செமானியா, போக்காகிராந்தேயா, தீவிலா: இருவருக்கான ஒப்பீடு

கொலம்பியாவின் கரீபியன் கரையில் இருக்கும் கார்த்தஹேனாவின் படங்கள் இரண்டு வகை. ஒன்றில் மஞ்சள், நீலம், காவி நிறச் சுவர்கள், காகிதப்பூ வழியும் மர பால்கனிகள். மற்றதில் பச்சை கலந்த நீலக் கடல், வெள்ளை மணல். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள் இரண்டும் ஒரே இடத்தில்தான் என்று நம்பி அறை பதிவு செய்துவிடுகிறார்கள். போய் இறங்கிய பிறகுதான் தெரியும்: பழைய நகரத்தின் மதிலை ஒட்டி ஆசையாய்க் குளிக்கக் கடல் இல்லை, நல்ல கடல் இருக்கும் இடத்தில் நகரம் இல்லை. நடுவில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் விசைப்படகில் குலுங்க வேண்டும்.

ஆகவே நான்கைந்து இரவு தங்கப்போகும் ஜோடி முதலில் தீர்க்க வேண்டியது ஹோட்டலின் நட்சத்திரத்தை அல்ல, பேட்டையை. தேர்வு நான்குதான். மதிலுக்குள் இருக்கும் சென்ட்ரோவும் அதன் வடபகுதியான சான் தியேகோவும் ஒன்று. மதில் நகரத்தின் அடுத்த பேட்டையான ஹெத்செமானி இரண்டாவது. உயர மாடிக் கட்டடங்கள் நிற்கும் போக்காகிராந்தே மூன்றாவது. படகில் போகும் ரொசாரியோ தீவுகளும், வெள்ளை மணற்கரை உள்ள பரூவும் நான்காவது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் வெயில். கார்த்தஹேனா ஏறத்தாழ வேதாரண்யத்தின் அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகலில் 30 டிகிரிக்கு மேல், காற்றில் ஈரம் பிசுபிசுக்கும். காலை 11 மணிக்கு மேல் மாலை 4 மணி வரை தெருவில் நடப்பது தண்டனை. ஊர்க்காரர்களும் அந்த நேரத்தில் நிழலைத் தேடித்தான் போகிறார்கள். ஆகவே அந்த ஐந்து மணி நேரம் நீங்கள் அறையில், அல்லது ஹோட்டல் குளத்தில், அல்லது ஒரு அருங்காட்சியகத்தின் ஏ.சி.யில் இருப்பீர்கள். பழைய நகரம் அழகாக இருப்பது விடியற்காலை 6 முதல் 9 வரையும், மாலை 5 முதல் இரவு 11 வரையும். அந்த இரண்டு வேளைகளிலும் நீங்கள் எங்கே நிற்க விரும்புகிறீர்களோ அதற்குப் பக்கத்தில் படுக்கை இருக்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

இரண்டாவது, இரவுச் சத்தம். இது கரீபியன் ஊர். ஒலிபெருக்கி இல்லாத இரவு கிடையாது. மூன்றாவது, நடை தூரம்: மதிய ஓய்வுக்கு அறைக்குத் திரும்பி மறுபடி வெளியே போக டாக்ஸி வேண்டுமா, கால் போதுமா. நான்காவது, கடல். ஐந்தாவது, பதிவுப் பக்கத்தில் தெரியாத செலவு. ஆறாவது, சாப்பாடு, சைவர்கள் இதை மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

| அளவுகோல் | சென்ட்ரோ, சான் தியேகோ | ஹெத்செமானி | போக்காகிராந்தே | தீவுகள், பரூ |
|---|---|---|---|---|
| காலை, மாலை நடை | வாசலிலேயே | சுமார் 10 நிமிடம் | டாக்ஸி தேவை | இல்லை |
| இரவு அமைதி | தெருவைப் பொறுத்தது | குறைவு | மேல்மாடியில் நன்று | பெரும்பாலும் நன்று |
| குளிக்கக் கடல் | இல்லை | இல்லை | உண்டு, கலங்கல் | மிக நன்று |
| அறை விலை | மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் | அதிகம் |
| மறைந்த செலவு | உணவகங்கள் | குறைவு | டாக்ஸி, பதிவுக் கட்டணம் | படகு, துறைக் கட்டணம், உணவு |
| சைவ உணவு | எளிது | எளிது, மலிவு | சமையலறை கிடைக்கும் | முன்பே சொல்ல வேண்டும் |
| மழைக்காலத் தொல்லை | குட்டைகள் | குட்டைகள் | கடல்நீர் தெருவில் ஏறும் | படகு நிற்கலாம் |

## மதிலுக்குள்: சென்ட்ரோவும் சான் தியேகோவும்

1533-இல் பெத்ரோ தெ எரெதியா நிறுவிய ஊரின் நடு இதுதான். துறைமுகமும் கோட்டைகளும் சேர்த்து 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அந்தப் பட்டியலின் பெருமையும் தொல்லையும் உங்கள் அறைக்குள்ளேயே வரும். எப்படி என்றால், இங்கே ஹோட்டல் என்பது பெரும்பாலும் பழைய வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், செட்டிநாட்டு வீட்டின் அமைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் சுவரை உடைத்து ஜன்னல் வைக்க முடியாது; பல வீடுகளில் லிஃப்ட்டும் கிடையாது. ஆகவே "சுப்பீரியர்" என்று பெயர் வைத்த அறைக்கும் வெளிச்சமே வராமல் இருக்கலாம். பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஜன்னல் தெருவைப் பார்க்கிறதா, முற்றத்தையா, அல்லது ஜன்னலே இல்லையா? எத்தனை படி ஏற வேண்டும்?

தெருவைப் பார்த்த பால்கனி அறை படத்துக்கு அருமை. விலையும் அதிகம், சத்தமும் அதிகம். கீழே வண்டிச் சத்தம், பாடிக்கொண்டே காசு கேட்கும் இளைஞர்கள், பக்கத்து மொட்டைமாடி மதுக்கூடத்தின் தாளம், இரவில் "சீவா" எனப்படும் திறந்த பேருந்துகள் ஏற்றிவரும் கும்மாளம். தூக்கம் முக்கியம் என்றால் முற்றம் பார்த்த மேல்மாடி அறை நல்லது. முற்றத்தில் காலைச் சிற்றுண்டி பரிமாறும் வீடாக இருந்தால் தரைத்தள அறை வேண்டாம். ஏழு மணிக்குத் தட்டும் கரண்டியும் உங்களை எழுப்பிவிடும்.

தெரு பார்த்து எடுப்பதும் ஒரு கலை. மணிக்கூண்டு வாசல், அதை ஒட்டிய பிளாசா தெ லோஸ் கோச்செஸ், சாந்தோ தொமிங்கோ சதுக்கம் ஆகிய மூன்றையும் சுற்றி இரவு அடங்கவே அடங்காது. மணிக்கூண்டுச் சதுக்கத்தில் இரவு பத்துக்கு மேல் போதைப்பொருள் வேண்டுமா என்று காதோரம் கேட்பவர்கள் வருவார்கள். "நோ, கிராசியாஸ்" சொல்லி நிற்காமல் நடந்தால் போதும். ஒரு காலத்தில் அடிமைச் சந்தை நடந்த சதுக்கம் அது. இப்போது அதன் தூண் வரிசையின் கீழே தேங்காய் மிட்டாய் விற்கிறார்கள்.

சான் தியேகோ பக்கம் வீடுகள் சின்னவை, ஒற்றை மாடி அதிகம், இரவு சீக்கிரம் அடங்கும். 17-ஆம் நூற்றாண்டின் சாந்தா கிளாரா கன்னியர் மடம் இன்று சொகுசு ஹோட்டலாக நிற்பதும் இங்கேதான். மதிலுக்குள்தான் தங்குவோம் என்று முடிவெடுத்த ஜோடிக்கு சான் தியேகோவே சரியான முகவரி. ஃபெர்னாந்தெஸ் மத்ரித் சதுக்கத்தைச் சுற்றி மூன்று நான்கு தெருக்களுக்குள் பாருங்கள்.

முகவரி என்றதும் ஒரு எச்சரிக்கை. இந்த ஊரில் ஒரே நேர்த்தெரு ஒவ்வொரு சந்திப்பிலும் பெயர் மாற்றிக்கொள்ளும். எண் முறையில் ஒரு பெயர், பழைய முறையில் வேறு பெயர். டாக்ஸிக்காரரிடம் தெருப்பெயரைவிட அருகிலுள்ள சதுக்கத்தின் பெயரைச் சொல்வது பலன் தரும்.

எப்போது இது சரியான தேர்வு: மூன்று இரவுக்கு மேல் தங்காதவர்களுக்கு, படம் எடுப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, நடக்கச் சிரமப்படும் ஒருவர் ஜோடியில் இருந்தால் (தரைத்தள அறை கேட்டு). விடியற்காலை ஆறரைக்கு வெறிச்சோடிய தெருவில் இருவராக நடப்பதற்கு நிகரான அனுபவம் இந்த நகரில் வேறில்லை. அந்த நேரத்துக்குப் போக்காகிராந்தேயிலிருந்து டாக்ஸி பிடித்து வருவோம் என்று திட்டமிடுபவர்கள் வருவதே இல்லை, தூங்கிவிடுகிறார்கள்.

## ஹெத்செமானி

தமிழ் விவிலியத்தின் கெத்செமனேதான் இந்தப் பெயர். பிரபுக்களும் வணிகர்களும் மதிலுக்குள் நடுப்பகுதியில் வாழ, கைவினைஞர்களும் ஆப்பிரிக்க வழி வந்த மக்களும் வாழ்ந்த பேட்டை. 1811 நவம்பர் 11-இல் ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலை அறிவிக்கும்படி ஆட்சிக்குழுவை நெருக்கியது இங்கிருந்து கிளம்பிய கூட்டம். அதை நடத்திய பெத்ரோ ரொமேரோவின் சிலை திரினிதாத் சதுக்கத்தில் நிற்கிறது. சுற்றுலா வந்து வாடகை ஏறியதில் பழைய குடும்பங்கள் பல வெளியேறிவிட்டன. மிச்சம் இருப்பவர்கள் இன்னும் மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். அவர்கள் வீட்டு வாசலை ஸ்டுடியோ ஆக்காமல், முகம் தெரியப் படம் எடுக்கும் முன் கேட்டுவிடுவது மரியாதை.

மணிக்கூண்டிலிருந்து திரினிதாத் சதுக்கம் வரை சுமார் பத்து நிமிட நடை. வழியில் சென்தெனாரியோ பூங்கா. மரக்கிளைகளில் தேவாங்கு போல மெதுவாக நகரும் ஸ்லோத் கண்ணில் படலாம், உடும்பு போன்ற இகுவானா உறுதி. எதிர்ப்பக்கம் பாலம் தாண்டினால் சான் ஃபெலிப்பே கோட்டை. அதற்கு நடந்தே போகத் தோதான பேட்டை இதுதான். கோட்டையில் நிழல் என்ற பேச்சே இல்லை, திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். பத்தரை மணிக்கு ஏறியவர்கள் பாதி வழியில் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்புவதைப் பார்க்கலாம்.

சாப்பாட்டுக்கு நான்கில் இதுவே சிறந்தது. இரவு சதுக்கத்தில் தள்ளுவண்டிகள் நிற்கும்: சோள மாவு அரேப்பா, பொரித்த பத்தக்கோன் (நசுக்கிப் பொரித்த வாழைக்காய், நம் வாழைக்காய் வறுவலுக்கு முரட்டு அண்ணன்), புதிதாகப் பிழிந்த சாறு. தேவாலயப் படியில் உட்கார்ந்து தின்றுவிட்டால் இருவருக்கு இரவுச் சாப்பாடு முடிந்தது.

குறை சத்தம். மெதியா லூனா தெருவும் அர்செனால் தெருவும் நடனக் கூடங்களின் வரிசை. திரினிதாத் சதுக்கத்தைப் பார்த்த அறை வெள்ளி, சனியில் நள்ளிரவு தாண்டியும் துடிக்கும். சதுக்கத்திலிருந்து இரண்டு தெருவாவது தள்ளி, தெருவைப் பார்க்காத அறையாக எடுங்கள். குடை தொங்கும் சந்துகளும் சுவரோவியத் தெருக்களும் பகலெல்லாம் கூட்டமாக இருக்கும். அந்தச் சந்திலேயே வாசல் உள்ள விடுதியில் கதவைத் திறந்தால் யாரோ ஒருவரின் படத்துக்குள் நீங்கள் நிற்பீர்கள்.

இரவு ஒரு மணிக்கு மேல் சென்ட்ரோவிலிருந்து நடந்து திரும்பும்போது நடுவில் உள்ள லா மத்தூனா வணிகப் பகுதி வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நேரத்தில் டாக்ஸி எடுங்கள். லா மத்தூனாவிலேயே மலிவாகக் கிடைக்கும் அறைகளைத் தவிர்ப்பது நல்லது என்பதற்கும் காரணம் இதுதான்: தூரம் வரைபடத்தில் அருமை, கடை அடைத்தபின் தெரு ஆளில்லாதது.

எப்போது சரி: விலைக்கும் இடத்துக்கும் நடுவழி வேண்டுவோருக்கு, இரவு உலா பிடித்தவர்களுக்கு, ஒரு வாரம் வரை தங்குபவர்களுக்கு. நாலு இரவுக்கு மேல் தங்கும் பெரும்பாலான ஜோடிகளுக்கு, சான் தியேகோவின் விலை கட்டாவிட்டால், இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

## போக்காகிராந்தே

பெயரின் பொருள் "பெரிய வாய்". வளைகுடாவின் அகலமான நுழைவாயில் இந்த நீட்டுநிலத்தின் முனையில் இருந்தது. 1741-இல் எட்வர்ட் வெர்னனின் ஆங்கிலப் படை முற்றுகையிட்டுத் தோற்றுப்போன சில பத்தாண்டுகள் கழித்து, கப்பல்கள் புகாதபடி ஸ்பானியர்கள் அந்த வாயை நீருக்கடியில் கல்சுவர் கட்டி அடைத்தார்கள். கப்பல்கள் தெற்கே "சின்ன வாய்" எனப்படும் போக்காச்சிக்கா வழியாகத்தான் வர வேண்டியதாயிற்று. இன்று பெரிய வாயின் கரை முழுக்க வெள்ளை அடுக்குமாடிகள்.

கடல் இருக்கிறதே என்று இங்கே பதிவு செய்பவர்கள் ஏமாறுவது கடலைப் பார்த்துத்தான். மணல் சாம்பல், தண்ணீர் கலங்கல். அழுக்கு என்று பலரும் நினைப்பது பெரும்பாலும் வண்டல். மக்தலேனா ஆற்றை வளைகுடாவோடு இணைக்கும் தீக்கே கால்வாய் 1650-இல் வெட்டப்பட்டது. ஆற்றின் சேற்றை அது இன்றுவரை இங்கே கொட்டுகிறது. குளிக்கலாம், ஊர்க்குடும்பங்கள் குளிக்கின்றன. படத்தில் பார்த்த நீலம் மட்டும் கிடைக்காது.

கரையில் இரண்டு தந்திரங்கள் ஓயாமல் நடக்கும். மசாஜ் செய்யும் பெண்மணி "சும்மா காட்டுகிறேன்" என்று தோளைப் பிடித்துவிடத் தொடங்குவார். இரண்டு நிமிடம் கழித்துப் பெரிய தொகை கேட்பார். சிப்பி விற்பவர் "ருசி பாருங்கள், காசு வேண்டாம்" என்று நாலைந்தைக் கையில் திணித்துவிட்டுக் கணக்குச் சொல்வார். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: தொடும் முன், வாயில் வைக்கும் முன் விலையை எண்ணாகக் கேட்டு முடிவு செய்வது. நிழல் கூடாரத்துக்கும் அப்படியே, நாற்காலி எத்தனை, எத்தனை மணி வரை என்பதோடு சேர்த்து.

மறைந்த செலவு இங்கே இரண்டு. பழைய நகரம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்; வெயிலில் யாரும் நடப்பதில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போய்வந்தால் நாளுக்கு நாலு சவாரி, நாலு நாளில் பதினாறு. சவாரிக்கு 15,000 பேசோ என்று வைத்துக்கொண்டால் 2,40,000 பேசோ. டாலருக்கு 4,000 பேசோ கணக்கில் 60 டாலர். அறையில் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையில் பெரும்பங்கு அங்கேயே போயிற்று. மாலை நெரிசலில் பத்து நிமிட வழி அரை மணி ஆகும் என்பதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இரண்டாவது, வாடகைக் குடியிருப்புகளில் கட்டட நிர்வாகம் தலைக்கு ஒரு பதிவுக் கட்டணம் வாங்கிக் கையில் பட்டை கட்டிவிடுவது. விளம்பரத்தில் அது இருக்காது. வீட்டுக்காரரிடம் முன்பே கேளுங்கள்.

அக்டோபர், நவம்பரில் கடல் மட்டம் ஏறும் நாட்களில் மழைநீர் வடிகால் வழியாகக் கடல்நீர் பின்வாங்கித் தெருவில் நிற்கும். மழையே இல்லாத நாளிலும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க நேரும்.

இத்தனை சொன்ன பிறகும் போக்காகிராந்தேயே சரியான பதிலாகும் ஜோடிகள் உண்டு. பத்து நாள் தங்கி அறையிலிருந்தே வேலையும் பார்ப்பவர்கள், சமையலறை இல்லாமல் முடியாத சைவர்கள், பெற்றோரையும் கூட்டிவருபவர்கள், லிஃப்ட் கட்டாயம் தேவைப்படுபவர்கள், நீச்சல் குளம் வேண்டுபவர்கள். சூப்பர்மார்க்கெட், மருந்துக்கடை, மருத்துவமனை எல்லாம் பக்கத்தில். அரிசி, பருப்பு, தேங்காய், வாழைக்காய், மரவள்ளி, பச்சை மிளகாய் எதற்கும் பஞ்சமில்லை. மின்சாரம் 110 வோல்ட், அமெரிக்கத் தட்டைமுனைச் செருகி. இந்தியாவிலிருந்து 230 வோல்ட் சிறு குக்கரைத் தூக்கிக்கொண்டு போனால் தண்ணீர் கொதிக்க அரை நாள் ஆகும்.

## தீவுகளும் பரூவும்

ரொசாரியோ தீவுகள் பவளப்பாறைத் தீவுகள். 1977 முதல் தேசியப் பூங்காவின் பகுதி. தண்ணீர் கண்ணாடி. ஆனால் நீண்ட மணற்கரை எதிர்பார்த்துப் போக வேண்டாம். பல தீவு விடுதிகளில் மரத்தளமும் அதன் பக்கத்தில் ஒரு கைக்குட்டை அளவு மணலும்தான். கரையோரம் பவளக் கற்கள் காலைக் கிழிக்கும், ரப்பர் செருப்பு எடுத்துப் போங்கள். நீளமான வெள்ளை மணல் வேண்டுமானால் பரூவின் பிளாயா பிளாங்கா. பகலில் அது திருவிழாக் கூட்டம். மூன்றரை மணிக்குப் பகல்பயணிகளின் படகும் வண்டியும் கிளம்பியதும் கரை காலியாகிவிடும். அங்கே தங்குபவர்களுக்குக் கிடைக்கும் பரிசு அந்த மாலைதான்.

பகல்பயணமா, ஓர் இரவா? கணக்கு எளிது. படகுகள் காலை எட்டு, ஒன்பதுக்குக் கிளம்பும். பிற்பகல் காற்று ஏறும் என்பதால் மூன்று மணி அளவில் திரும்பிவிடும். பகல்பயணத்தில் கடலோடு கிடைப்பது சுமார் ஐந்து மணி நேரம், அதுவும் உச்சி வெயிலில். ஓர் இரவு தங்கினால் ஒரு மாலை, ஓர் இரவு, ஒரு விடியல் கூடுதலாகக் கிடைக்கும். படகுக் கூலி அதே. இஸ்லா கிராந்தேயின் உப்பங்கழியில் இருட்டில் கையை அளைந்தால் தண்ணீர் ஒளிரும், நுண்ணுயிர்களின் வேலை. நிலவு இருந்தால் தெரியாது. நாள்காட்டியில் அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

செலவு எங்கெங்கே ஒளிந்திருக்கும்: துறையில் தலைக்கு வாங்கும் கட்டணம் பெரும்பாலும் தொகுப்பு விலையில் சேராது. சாப்பாடு விடுதியில் மட்டுமே, அவர்கள் சொன்ன விலை. மீன்தான் முதன்மை, சைவம் என்று பதிவின்போதே எழுதி, "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" (இறைச்சி, கோழி, மீன் வேண்டாம்) என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். "கார்னே" என்றால் பலருக்கு மாட்டிறைச்சி மட்டும்தான். நன்னீர் அரிது, பல விடுதிகளில் குளியல் உப்புத் தண்ணீரில். மின்சாரம் ஜெனரேட்டரோ சூரியத் தகடோ. இரவு முழுக்க ஏ.சி. ஓடுமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். கொசுவுக்கும் மணல் ஈக்கும் பூச்சுமருந்து கட்டாயம்.

படகில் முன்வரிசை வேண்டாம். அலையில் மோதி எழும்பும்போது முதுகெலும்பு வரை அதிரும். கர்ப்பிணிகளும் முதுகுவலி உள்ளவர்களும் இந்தப் பயணத்தையே தவிர்க்கலாம். பின்வரிசையில் நனைவீர்கள், அவ்வளவுதான். கைப்பேசியையும் பாஸ்போர்ட்டையும் நீர்புகாப் பையில் போட்டு, பெரிய பெட்டியை நகர விடுதியிலேயே விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு போங்கள்.

முழு விடுமுறையையும் தீவில் வைப்பது தனிமை மட்டுமே வேண்டுபவர்களுக்குத்தான். மூன்றாம் நாள் உணவுப் பட்டியல் மனப்பாடம் ஆகிவிடும்.

## எங்கே தங்கினாலும் வரும் செலவு

கொலம்பியாவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு ஹோட்டல் அறையின் 19 விழுக்காடு ஐ.வி.ஏ. (மதிப்புக் கூட்டு வரி) கிடையாது. பாஸ்போர்ட்டையும் சுற்றுலா நுழைவு முத்திரையையும் காட்ட வேண்டும். சில தளங்கள் வரியைச் சேர்த்தும் சில சேர்க்காமலும் விலை காட்டுவதால், இரண்டு ஹோட்டல்களை ஒப்பிடும்போது ஒரே வகை விலையை ஒப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். உணவகத்தில் பத்து விழுக்காடு சேவைத்தொகை சேர்க்கலாமா என்று கேட்பார்கள்; அது உங்கள் விருப்பம்.

டாக்ஸிகளில் மீட்டர் இல்லை, பேட்டைக்குப் பேட்டை கட்டணம். ஏறும் முன் தொகையைப் பேசிவிடுங்கள். "வெய்ந்தே" என்று இருபது சொன்னால் இருபதாயிரம் பேசோ. ஆயிரத்தை வாயில் விழுங்கிவிடுவார்கள். அட்டை தேய்க்கும்போது "எத்தனை குவோத்தாஸ்" என்று கேட்டால் தவணை எத்தனை என்று பொருள், "ஊனா" (ஒன்று) என்றால் போதும். பழத்தட்டு ஏந்திய பலெங்கே ஊர்ப் பெண்களோடு படம் எடுத்தால் காசு உண்டு. அவர்கள் தொழில் அது, தொகையை முன்பே பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

இந்தியாவுக்கு நேராகத் திரும்புபவர்கள் கவனிக்க: கொலம்பியா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் இறங்கினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தல். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள். கொலம்பியாவுக்குள் நுழையும் முன் குடிவரவுத் துறையின் செக்-மிக் (Check-Mig) இணையப் படிவம் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளங்கள் இடைத்தரகர்கள்.

## மாதம் தேர்வை மாற்றும்

டிசம்பர் முதல் மார்ச் வரை வறண்ட காலம். வடகிழக்குக் காற்று வீசுவதால் மாலை நடை சுகம், நகருக்கு இதுவே நல்ல பருவம். அதே காற்று கடலைக் கொந்தளிக்க வைக்கும். நகருக்கு நல்ல மாதம் படகுக்கு முரட்டு மாதம் என்பதை யாரும் பதிவுப் பக்கத்தில் எழுதுவதில்லை. இந்த மாதங்களில் நகரத்தில் கூடுதல் இரவு, தீவில் ஒன்றே ஒன்று. டிசம்பர் நடு முதல் ஜனவரி நடு வரையும் புனித வாரத்திலும் அறை விலை எகிறும். திங்கட்கிழமை விடுமுறை சேர்ந்த வாரக்கடைசிகளை "புவெந்தே" (பாலம்) என்பார்கள். அந்த மூன்று நாளும் பிளாயா பிளாங்கா பக்கம் தலைவைக்க வேண்டாம். அக்டோபரில் மழை கொட்டும், விலை இறங்கும். அப்போது போக்காகிராந்தேயைக் கழித்துவிட்டு மதிலுக்குள் நல்ல அறையைக் குறைந்த விலைக்குப் பிடிக்கலாம். நவம்பர் 11-ஐ ஒட்டிய விடுதலைத் திருவிழாவில் தெருவில் நுரையும் தண்ணீரும் பீய்ச்சுவார்கள். விரும்புபவர்கள் ஹெத்செமானி, விரும்பாதவர்கள் அடுத்த வாரம்.

## ஐந்து இரவை எப்படிப் பிரிப்பது

இறங்கியதும் இரண்டு இரவு சான் தியேகோவிலோ ஹெத்செமானியிலோ. மூன்றாம் இரவு தீவில். கடைசி இரண்டு இரவு மறுபடி அதே நகர விடுதியில், பெட்டி அங்கேயே காத்திருக்கும். தீவை நடுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. காற்று மிகுந்தால் துறைமுக அதிகாரிகள் சிறு படகுகளை நிறுத்திவிடுவார்கள். அரை நாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். கடைசி இரவைத் தீவில் வைத்தவர்கள் விமானத்தைத் தவறவிடும் வழி இதுதான். நடுவில் வைத்தால் ஒரு நாள் தள்ளிப்போட இடம் இருக்கும்.

கடல் திறக்கவே இல்லையென்றாலும் வழி உண்டு. தீக்கே கால்வாயின் மேல் 2014-இல் பாலம் வந்த பிறகு பரூவுக்குச் சாலையிலேயே போகலாம், நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். போகும் வழியில் தேசியப் பறவைப் பூங்காவும் இருக்கிறது. தீவு விடுதியில் பதிவு செய்யும்போதே படகு நின்றால் பணம் திரும்புமா, தேதி மாற்றுவார்களா என்று எழுத்தில் வாங்கிவிட்டு, பரூவில் சாலை வழியாக அடையக்கூடிய ஒரு விடுதியின் பெயரையும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.